லேப்டாப்பிலிருந்து குழாய் வரை

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, கோயில் கொடைக்குக் கட்டிய மைக்செட்டில் பின்னைச் செருகினால் அடிக்கடி வரும் தொல்லை ஒன்று உண்டு. திரையில் பாட்டு ஓடும், குழாய் ஸ்பீக்கரில் சத்தம் வராது. "ஆம்ப்ளியில கோளாறு போல, அண்ணாச்சி" என்று ஒயரைப் பிடுங்கத் தொடங்குவார்கள். அதற்கு முன், கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து பார்ப்பது நல்லது.

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் ஒலியைக் கவனிப்பது அல்சா. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 கெர்னலில் சேர்ந்தது. அதற்குக் குழாயும் தெரியாது, ஹெட்ஃபோனும் தெரியாது. கார்டு (ஒலி அட்டை), அதற்குள் டிவைஸ், அவ்வளவுதான். இரண்டும் 0-வில் தொடங்கும் எண்கள். 'ஏபிளே' என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒரு கோடும் சின்ன எல்லும் சேர்த்தால் பட்டியல் வந்துவிடும். பல லேப்டாப்களில் டிவிக்கு ஒலி அனுப்பும் எச்டிஎம்ஐ கார்டு 0 ஆகவும், பின் செருகும் அனலாக் கார்டு 1 ஆகவும் இருக்கும். எதையும் சொல்லாவிட்டால் அல்சா 0-வைத்தான் பிடிக்கும். இல்லாத டிவிக்குப் பாட்டு போய்க்கொண்டிருக்கும்!

யூஎஸ்பி கார்டு இருந்தால் இன்னும் வம்பு. எது முதலில் விழித்ததோ அதற்கு முதல் எண். நேற்று 1 ஆக இருந்தது இன்று 2 ஆகலாம். அதனால் அமைப்புக் கோப்பில் எண்ணை எழுதாமல் கார்டின் பெயரை எழுதுவதே சரி. சின்ன எல்லுக்குப் பதில் பெரிய எல் போட்டால் அந்தப் பெயர்கள் கிடைக்கும்.

கார்டு சரியாக இருந்தும் சத்தம் இல்லையென்றால், ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் 'அல்சாமிக்ஸர்'. எஃப்6 அழுத்திக் கார்டைத் தேர்ந்தெடுத்தால் மாஸ்டர், பிசிஎம், ஹெட்ஃபோன் என்று வரிசையாகத் தூண்கள் நிற்கும். சுத்தமல்லி அணைக்கட்டு நிறைந்து நெல்லைக் கால்வாயில் தண்ணீர் ஓடினாலும், வயல் மடை அடைத்திருந்தால் நாற்று காயத்தான் செய்யும். இங்கேயும் அப்படித்தான்: ஒலி ஒவ்வொரு தூணையும் தாண்டிப் போகிறது, ஒன்று மூடியிருந்தாலும் முடிந்தது. தூணின் அடியில் இரண்டு எம் தெரிந்தால் அது மூடியிருக்கிறது; எம் விசையைத் தட்டினால் இரண்டு ஓ ஆகும். திறந்ததை 'அல்சாசிடிஎல் ஸ்டோர்' சேமித்துவைக்கும்.

இதற்கு மேலே புதிய டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் தொகுப்புகளில்) பைப்வயர் உட்கார்ந்திருக்கும். எந்தச் செயலியின் ஒலி எங்கே போக வேண்டும் என்பதை அதுதான் முடிவுசெய்கிறது. 'டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ்' என்று கேட்டால், இப்போதைய வழிக்குப் பக்கத்தில் நட்சத்திரக்குறி போட்டுக் காட்டும். லினக்ஸ் போல இன்னொரு இயங்குதளமான ஓபன்பிஎஸ்டியில் இந்த வேலைக்கெல்லாம் 'எஸ்என்டிஐஓசிடிஎல்'. எனக்கென்னவோ அதுதான் கச்சிதமாகப் படுகிறது.

பாட்டு போடுவதோடு நின்றால் இவ்வளவு போதும். வில்லுப்பாட்டுக் குழுவின் மைக்கையே லேப்டாப் வழியாக விட்டால், ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரின் கணக்கு வந்துவிடும். ஒலியைத் துண்டு துண்டாக அளந்த எண்கள்தான் மாதிரிகள்; நொடிக்கு 48,000 மாதிரிகள் ஓடும்போது 1,024 மாதிரிகள் நிறையக் காத்திருந்தால் சுமார் 21 மில்லிசெகண்ட் தாமதம். ஒலி காற்றில் ஏறக்குறைய 7 மீட்டர் போகிற நேரம் அது. தெருக்கோடியில் 100 மீட்டர் தள்ளிக் கட்டிய குழாயின் சத்தம் மேடைக்கு வந்துசேர எப்படியும் கால் நொடிக்கு மேலாகும், அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. ஆனால் பக்கத்து மானிட்டரில் தன் உடுக்கை அடி பிந்திக் கேட்டால் அடிப்பவருக்குக் கை தடுமாறும். 256 மாதிரிகளாகக் குறைத்தால் தாமதம் 5 மில்லிசெகண்ட் அளவுக்கு இறங்கும். அதற்குள் பழைய பிராசஸர் அடுத்த தவணையைத் தராவிட்டால் குழாயில் 'டக் டக்' என்று வெட்டு விழும். 512-இல் ஆரம்பித்து, வெட்டு விழாத வரை குறைத்துக்கொண்டே வரலாம்.