செயின் டிராக்டருக்கு ஒரு பி.டி.ஓ.

வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் டிராக்டரோடு இணைத்த பம்புகள் சென்னைத் தெருக்களுக்கு வந்துவிடும். அந்தப் பம்பைச் சுழற்றுவது டிராக்டரின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் பி.டி.ஓ. ஷாஃப்ட். எஞ்சின் சக்தியை வெளியில் இருக்கும் கருவிக்குக் கொண்டுபோகும் தண்டு அது. டிராக்டர் தொழிலுக்குப் பேர்போன செம்பியம் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு இது பழகிய சமாச்சாரம். ஆனால் சக்கரத்துக்குப் பதிலாக இரும்புச் செயின் பட்டையில் ஓடும் பழைய செயின் டிராக்டர்கள் பலவற்றில் பி.டி.ஓ. கிடையாது, இழுக்கவும் தள்ளவும்தான் அவற்றை வாங்கினார்கள். மணலிக்கு அப்பால் கொசஸ்தலை ஆற்றோரச் சேற்றில் சக்கர வண்டி புதைந்துவிடும். செயின் வண்டியின் எடை அகலமான பட்டையில் பரவுவதால் அது நிற்கும். அப்படிப்பட்ட வண்டியைக் காயலான் கடைக்கு எடைபோட்டுக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அதற்கு ஒரு பி.டி.ஓ. பொருத்திவிடலாம்.

சில மாடல்களில் கியர் பெட்டியின் பின்சுவரில் போல்ட் போட்டு மூடிய தகடு ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால், கிளட்ச் வழியாக எஞ்சின் வேகத்திலேயே சுழலும் மேல் ஷாஃப்டின் முனை தெரியும். அதை அப்படியே வெளியே நீட்டிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

முதலாவது, வேகம். பழைய டீசல் செயின் வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,500 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பி.டி.ஓ. கருவிகள் பலவும் 540 சுற்றுக்குச் செய்யப்பட்டவை. 1,500-ல் ஓடவிட்டால் பம்பின் பேரிங் தாங்காது. இரண்டாவது, திசை. டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் பி.டி.ஓ. கடிகார முள் சுற்றும் திசையில் சுழல வேண்டும். பெரும்பாலான எஞ்சின்கள், அதே இடத்திலிருந்து பார்த்தால், அதற்கு நேரெதிராகச் சுழல்கின்றன.

இரண்டையும் ஒரே ஜோடிப் பல்சக்கரம் தீர்த்துவைக்கிறது என்பதுதான் இந்த வேலையின் அழகு. 18 பல் சக்கரம் 50 பல் சக்கரத்தை ஓட்டினால் 1,500 சுற்று துல்லியமாக 540 ஆகிறது. பல்லோடு பல் கடிக்கும்போது திசையும் திரும்பிவிடுகிறது. 18-ஐத் தேர்ந்தெடுக்கவும் காரணம் உண்டு. பல்லின் பக்கச் சாய்வு 20 பாகையாக இருக்கும் வழக்கமான வடிவத்தில் 17-க்குக் குறைவாகப் பல் வெட்டினால், வெட்டும் கருவி பல்லின் அடியையே அரித்து மெலிதாக்கிவிடும்.

வேகம் குறைந்தால் முறுக்குவிசை கூடும். 22 கிலோவாட் சக்தி 1,500 சுற்றில் 140 நியூட்டன் மீட்டர்தான். 540-ல் அது 389 ஆகிறது. ஆகவே வெளிமுனையில் கிடைத்த இரும்புத் தண்டைக் கடைந்து மாட்டக் கூடாது. 35 மில்லிமீட்டர் விட்டம், நீளவாக்கில் ஆறு வரிப்பல் (ஸ்ப்லைன்) கொண்ட தர அளவு ஷாஃப்டை நல்ல அலாய் எஃகில் செய்து, சூடேற்றிக் கடினமாக்கித்தான் பொருத்த வேண்டும். அளவு தரப்படி இருந்தால் டிராக்டரையும் கருவியையும் இணைக்க, மடங்கும் மூட்டோடு கடையில் வாங்கும் எந்த கிராஸ் ஜாயின்ட் தண்டும் நேராகப் பொருந்தும்.

இந்த இணைப்பு மெயின் கிளட்சுக்குப் பின்னால் வருவதால், கிளட்சைப் பிரித்தால் வண்டியும் நிற்கும், பம்பும் நிற்கும். வண்டி நின்ற இடத்தில் நீர் இறைக்க இது போதும். புல்வெட்டும் கருவி மாட்டினால் கதை வேறு: கனமான கத்திகள் சுழன்ற வேகத்தில் வண்டியையே முன்னே தள்ளப் பார்க்கும். ஒருவழி மட்டும் ஓட்டும் ஓவர்ரன்னிங் கிளட்ச் ஒன்று நடுவில் கட்டாயம் வேண்டும்.

சுழலும் ஷாஃப்டை மூடும் கவசத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. லுங்கி முனை ஒன்று சிக்கினால், 35 மில்லிமீட்டர் ஷாஃப்ட் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் துணியை இழுத்துச் சுருட்டிக்கொள்ளும். கிராஸ் ஜாயின்டின் பருத்த பகுதி அதைவிட வேகமாக இழுக்கும். கையை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஷாஃப்ட் முனைக்கு மேல் இரும்புக் கவசமும், தண்டு முழுவதற்கும் பிளாஸ்டிக் உறையும் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. பட்டறையில் வெள்ளோட்டம் பார்க்கும்போதும் இதே விதிதான்.