முட்டிக்கொள்ளும் குழந்தை எதைக் கேட்கிறது?

மேசையில் எழுத்து அட்டைகளைப் பரப்பியதுமே பையன் தன் கன்னத்தில் பளார் பளாரென்று அறைந்துகொள்கிறான். பதறிப்போன டீச்சர் அட்டைகளை அள்ளி உள்ளே வைக்கிறார். அறைவது நின்றுவிடுகிறது. டீச்சருக்கு நிம்மதி. பையனும் ஒன்றைக் கற்றுக்கொண்டான்: அறைந்துகொண்டால் அட்டை போய்விடும்.

ஆட்டிசமோ அறிவுத்திறன் குறைபாடோ இருந்து, பேச்சும் சரியாக வராத குழந்தைகளிடம் இதை அதிகம் பார்க்கலாம். தலையை முட்டிக்கொள்வார்கள், கையைக் கடித்துக்கொள்வார்கள். வளரிளம் பருவத்தினர் மன உளைச்சலில் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது வேறு விஷயம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1982இல் பிரையன் இவாட்டா என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையை விவரித்தார்கள். ஒரே குழந்தையைப் பதினைந்து நிமிடம் பதினைந்து நிமிடமாக வெவ்வேறு சூழலில் வைத்துக் கவனிப்பது. ஒருமுறை பாடம், அடித்துக்கொண்டால் பாடம் கொஞ்சம் நிற்கும். இன்னொருமுறை, அடித்துக்கொண்டால் மட்டுமே பெரியவர் திரும்பிப் பார்ப்பார். அப்புறம் தனிமை, விளையாட்டு. எங்கே அடி கூடுகிறதோ அங்கே காரணம் இருக்கிறது. சிலருக்கு அது தப்பிக்கும் வழி, சிலருக்கு அருகில் அழைக்கும் வழி. ஆளே இல்லாதபோதும் தொடர்ந்தால், அடிபடும் அந்த உணர்வே உடம்புக்குத் தேவைப்படுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே அடிதான். ஆனால் கவனத்துக்காக அடித்துக்கொள்ளும் குழந்தையை ஓடிப்போய் அணைத்தால் பழக்கம் வலுக்கும். தப்பிக்க நினைப்பவனைத் தனியே உட்காரவைப்பதோ, தண்டனை என்ற பெயரில் அவன் கேட்டதையே கொடுப்பது!

திடீரென்று தொடங்கினால் முதலில் காதையும் பல்லையும் பார்க்கச் சொல்வேன். சொல்லத் தெரியாத வலி இப்படியும் வெளிப்படும். லெஷ்-நைஹன் என்ற அரிய மரபணு நோயில் கதையே வேறு: ஒரு நொதி குறைவதால் குழந்தை உதட்டையும் விரலையும் கடிக்கிறது. வலியும் தெரியும், நிறுத்தவும் முடியாது. கையைக் கட்டிவிடச் சொல்லிக் கேட்கும் குழந்தைகளும் உண்டு.

சரி, நம் பையனுக்கு? 1985இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற உளவியலாளர்கள் காட்டிய வழி எளியது: அடி செய்யும் வேலையைச் செய்ய ஒரு சொல்லையோ சைகையையோ கற்றுக்கொடுப்பது. அவன் கையில் ‘போதும்’ என்று ஓர் அட்டை. அதை நீட்டிய நொடியே பாடம் நிற்க வேண்டும். தாமதித்தால் கன்னமே மேல் என்று ஆகிவிடும். முதல் வாரம் பாடம் ஒன்றும் நடக்காது, அட்டைதான் நீண்டுகொண்டே இருக்கும். இருக்கட்டும்.