ரெம்பர்: தோய்ச்சலும் பதமும்

பழைய லொறியின் ஸ்பிரிங் பட்டையில் துளை போடப் பார்த்தால் துறப்பண அலகுதான் கருகும். "ரெம்பர் ஏத்தின இரும்பு, லேசிலை பாயாது" என்பார்கள் யாழ்ப்பாணத்துப் பட்டறைகளில். தீட்டும்போது கத்தி விளிம்பு நீலமாகிவிட்டால் "ரெம்பர் போட்டுது", அதாவது போய்விட்டது, என்பார்கள். தமிழகத்தில் டெம்பர் என்று எழுதுகிற சொல்தான் நம் வாயில் ரெம்பர்.

ஆங்கிலம் வழியாக வந்த இந்தச் சொல்லின் மூலம் இலத்தீன். அளவறிந்து கலத்தல், மட்டுப்படுத்தல் என்பது அங்கே பொருள். நாமோ கடினம் என்ற பொருளில் வழங்குகிறோம். அதனால் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலைகள் ஒரே பெயருக்குள் அடைபட்டுவிட்டன.

முதல் வேலை, உருக்கைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ சட்டென்று அமிழ்த்துவது. காந்தம் ஒட்டாமல் போவது ஏறத்தாழ 770 பாகை செல்சியஸில். அதற்குச் சற்று மேலே போனதும் அமிழ்த்த வேண்டும். ஸ்பிரிங் பட்டைக்கு எண்ணெய்தான் நல்லது, தண்ணீரில் வெடிப்பு விழலாம். இப்படிச் செய்தால் மிகக் கடினமாகும், ஆனால் ஓங்கி அடித்தால் உடையும். இதற்குக் கொல்லர் சொல் தோய்ச்சல். துவைச்சல் என்பதும் உண்டு. தோய்த்தல் என்ற வினையிலேயே செயல் தெரிகிறது. புறநானூற்றின் 21ஆம் பாட்டில், கானப்பேரெயில் கோட்டையை மீட்பது கொல்லன் காய்ச்சிய இரும்பு உண்ட நீரை மீட்பதைவிட அரிது என்று வருகிறது. இந்த வேலை நம் மொழிக்கு எவ்வளவு பழகியது என்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

இரண்டாவது வேலை, தோய்த்ததை மினுக்கி, மெல்லச் சூடேற்றி, கடினத்தைக் கொஞ்சம் இறக்கி உறுதி கொடுப்பது. மினுக்கிய இடத்தில் நிறம் ஓடும்: 220 பாகையளவில் வைக்கோல் மஞ்சள், 280 அளவில் ஊதா, 300க்குப் பக்கத்தில் நீலம். கத்திக்கு மஞ்சளில் நிறுத்தலாம், இரும்பு வெட்டும் உளிக்கு ஊதா வேண்டும். ஆங்கிலத்தில் உண்மையில் இதற்குத்தான் அந்தப் பெயர். பனங்கட்டிப் பாகுக்குப் பார்ப்பதுபோல் நேரம் தவறாமல் நிறுத்த வேண்டிய வேலை என்பதால், பதம் என்ற சொல்லே சரியாகப் பொருந்துகிறது. தோய்ச்சல் போடு, பிறகு பதம் எடு என்று பிரித்துச் சொன்னால் பழகுகிற பிள்ளைக்கும் குழப்பம் வராது. கடினத்தை முழுவதும் போக்க, சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுக்க ஆறவிடுவார்கள். அதை இளக்குதல் எனலாம்.

சரி, கையிலிருக்கும் பழைய இரும்பு எப்படிப்பட்டது என்று எப்படி அறிவது? அரத்தால் ஒரு மூலையைத் தேயுங்கள். போல் பெயரிங் (குண்டுத் தாங்கி) வளையத்தில் அரம் வழுக்கும். ஸ்பிரிங் பட்டையில் சிரமப்பட்டுக் கடிக்கும். சாதாரண இரும்பில் இலகுவாய்ப் பாயும். ஆனால் அரம் சொல்வது இப்போது தோய்ச்சல் இருக்கிறதா என்பதை மட்டுமே. இனி ஏறுமா என்பது இரும்பிலுள்ள காபனை (கரிமத்தை) பொறுத்தது. அதைக் கிரைண்டரில் பறக்கும் தீப்பொறி சொல்லும். காபன் குறைந்த இரும்பில் பொறி நீளக் கோடாக ஓடும். காபன் கூடக்கூடக் கிளைத்து, பூவாய் வெடிக்கும். ஸ்பிரிங் பட்டையில் காபன் சுமார் 0.6 வீதம், பழைய அரத்தில் 1 வீதத்துக்கு மேல். இரண்டும் கத்திக்கு ஆகும். சில அச்சுத்தண்டுகளில் மேல்தோல் மட்டும் கடினமாக இருக்கும். அரம் வழுக்குகிறதே என்று அதில் கத்தி அடித்தால் விளிம்பு நிற்காது.

நம் மண்ணில் இன்னொன்றும் உண்டு. இன்னதென்று தெரியாத குழாயையோ உருளையையோ ஒருபோதும் உலையில் வைக்காதீர்கள், அரம் வைத்தும் பார்க்காதீர்கள். போர்க்கால வெடிபொருளாக இருக்கக்கூடும். தொடாமல் விலகிப் பொலிசுக்குச் சொல்லுங்கள். துத்தநாகம் பூசிய இரும்பைக் காய்ச்சினால் வரும் புகையும் நஞ்சு.