துளை சிறியது, தையல் சிறியதன்று

புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள ஆண்களின் சுரப்பி) புற்றுநோய்க்காக, அச்சுரப்பியைச் சிறு துளைகள் வழியே அகற்றும் துளைவழி அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு ஐந்தாம் நாள் கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் குழாய்) நழுவி வெளியே வந்துவிட்டது. வேறோரிடத்தில் புதியதொன்றைப் போட்டுக்கொண்டு, வயிற்று வலியோடு எங்களிடம் வந்தார். அந்தக் கதீட்டர் சிறுநீர்ப்பைக்குள் போகவே இல்லை. சிறுநீர்ப்பையைச் சிறுநீர்ப் பாதையோடு இணைத்த தையலின் பின்புறத்தைப் பிளந்துகொண்டு பைக்குப் பின்னால் கிடந்தது. இப்படி வந்தவர்களில் அவர் முதலாமவர் அல்லர்.

"சின்னச் சின்ன ஓட்டைதானே, டாக்டர்" என்று கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. வயிற்றில் தெரியும் ஐந்தாறு துளைகளை வைத்து உள்காயத்தை அளக்காதீர்கள். புராஸ்டேட்டை அதனூடே செல்லும் சிறுநீர்ப் பாதையோடு சேர்த்தே அகற்றுகிறோம். பிறகு சிறுநீர்ப்பையைக் கீழே இறக்கி, அதன் கழுத்தை எஞ்சிய பாதையின் முனையோடு வட்டமாகத் தைக்கிறோம். திறந்து செய்தாலும் துளைவழியே செய்தாலும் அந்த இணைப்பு ஆற வேண்டிய காயம்தான். துளைவழி அறுவையில் பயன்படும் ரோபோ தானாகத் தைத்துவிடும் என்பதும் கற்பனையே. ஊசியின் ஒவ்வொரு திருப்பமும் மருத்துவருடையது.

இந்த வட்டத் தையலுக்கு, 2003இல் சிறுநீரியல் அறுவை மருத்துவர் வான் வெல்தோவன் குழுவினர் வெளியிட்ட முறையில், நுனிகளில் ஒன்றாக முடிந்த இரண்டு இழைகளை, வட்டத்தைக் கடிகார முகமாகக் கொண்டால் 6 மணி இடத்தில் தொடங்கி, இருபுறமும் மேலே கொண்டுவந்து, 12 மணி இடத்தில் ஒரே முடிச்சாக முடிப்பார்கள். சிறு முட்கள் திசுவைப் பற்றிக்கொள்வதால் பின்வாங்காத முள் இழை வந்தபின் அந்த முடிச்சும் அவசியமில்லாமல் போயிற்று. இறுதியில் உப்புநீர் செலுத்திக் கசிவில்லை என்று பார்த்துக்கொள்கிறோம். ஆனால் அன்று கசியவில்லை என்பதால் அன்றே ஆறிவிட்டது என்று ஆகாது.

பெரும்பாலும் 7 முதல் 10 நாள் வரை கதீட்டர் இருப்பது, சிறுநீர்ப்பையில் சிறுநீர் தேங்கித் தையலை இழுக்காமலிருக்கத்தான். ஆகவே அதைத் தொடையில் ஒட்டி வையுங்கள், இழுக்காதீர்கள், நாளெண்ணி முன்கூட்டி எடுக்கச் சொல்லாதீர்கள். மலச்சிக்கலுக்கு எனிமா கூடாது, முக்கவும் கூடாது. சிறுநீர் வடிவது நின்றாலோ, காய்ச்சலோ வயிற்று வலியோ கண்டாலோ உடனே வாருங்கள். கதீட்டர் வெளியே வந்துவிட்டால், தயவுசெய்து, யாரையும் மறுபடி செருக விடாதீர்கள். அறுவை செய்த மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் தேவைப்பட்டால் கேமரா வழியே பார்த்தபடி, வழிகாட்டும் மெல்லிய கம்பி ஒன்றின் மேலாக அதைச் செலுத்துவார்.

கதீட்டரை எடுத்தபின் இருமும்போது சிறுநீர் சொட்டினால் தையல் பிரிந்துவிட்டதாக அஞ்ச வேண்டாம். அது பெரும்பாலும் சிறுநீரைத் தடுக்கும் தசையின் தளர்ச்சி. சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் இடுப்புத் தளப் பயிற்சியை அப்போது தொடங்குங்கள், கதீட்டர் உள்ளே இருக்கும்போது வேண்டாம்.