தேய்ந்துபோன பத்தில் ஒரு மில்லிமீட்டர்

மாருதி 800 இன்ஜினுக்குள் பிஸ்டன் ஒரு முறை மேலே போய்க் கீழே வர 144 மி.மீ. நகர்கிறது. கியர் மாற்றம், நெரிசல் எல்லாம் சேர்த்து ஒரு கிலோமீட்டருக்கு இன்ஜின் சராசரியாக 3,000 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். 2 லட்சம் கி.மீ. ஓடிய வண்டியில் ஒவ்வொரு பிஸ்டனும் சிலிண்டர் சுவரை ஒட்டியபடி 86,000 கி.மீ.க்கு மேல் பயணம் செய்திருக்கும். பூமியை இரண்டு தடவை சுற்றிய தூரம். இத்தனைக்கும் சுவர் அதிகம் தேய்ந்த இடத்தில் சிலிண்டரின் விட்டம் கூடியிருப்பது பெரும்பாலும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான். அது போதும். வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும், பிக்கப் போய்விடும், மேம்பாலம் ஏறும்போது ஏசியை அணைக்க வேண்டிவரும்.

அந்தப் பத்தில் ஒரு பங்கைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் ‘இன்ஜின் வேலை’. வீட்டில் செய்ய நினைப்பவர்கள் ஸ்பேனர் செட்டைப் பற்றித்தான் முதலில் கவலைப்படுகிறார்கள். கழற்றுவதும் மாட்டுவதும் பொறுமை இருந்தால் யாருக்கும் வரும். அளப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பழகிப் பார்க்க மாருதி 800-ஐவிட நல்ல இன்ஜின் கிடைப்பது கஷ்டம். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியைக் கொடுத்தார். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. எஃப்8பி என்ற அந்த இன்ஜினில் மூன்றே சிலிண்டர், 796 சி.சி., சிலிண்டருக்கு இரண்டு வால்வு, சிலிண்டர்கள் குடைந்த இரும்பு வார்ப்பு பிளாக், அவற்றை மேலே மூடும் அலுமினிய ஹெட், ஒரு டைமிங் பெல்ட். கை நுழையாத இடம் குறைவு. பிளாக்கையே மாற்றிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் இன்ஜின் எண் அந்த பிளாக்கில்தான் பொறித்திருக்கிறது, மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகப் படி ஏற வேண்டும். இருக்கிற பிளாக்கைச் சரிசெய்வதே நிம்மதி.

இன்ஜினை இறக்குவதற்கு முன்னால் அதற்கு வேலை தேவையா என்று பார்க்க வேண்டும். புகை கொஞ்சம் சொல்லும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை ஒரு தடவை வந்து நின்றுவிட்டால் வால்வு தண்டின் சீல் வழியாக ஆயில் இறங்கியிருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும் நேரமெல்லாம் நீலமாக வந்தால் சந்தேகம் பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கும் ரிங் மேல். அப்புறம் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ். ஸ்பார்க் பிளக்கை எல்லாம் கழற்றிவிட்டு, ஒவ்வொரு துளையிலும் கேஜை மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் அழுத்தம் தெரியும். நல்ல நிலையில் ஒரு சதுர செ.மீ.க்கு 12 கிலோவுக்கு மேல் இருக்கும், சிலிண்டருக்குச் சிலிண்டர் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்காது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயிலை ஊற்றி மறுபடி பாருங்கள். ஊற்றிய ஆயில் ரிங்கைச் சுற்றியுள்ள இடுக்கைத் தற்காலிகமாக அடைக்கும். அழுத்தம் சட்டென்று ஏறினால் கசிவு ரிங் பக்கம். ஏறவில்லை என்றால் வால்வோ, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் கேஸ்கட்டோதான். கீழ்ப்பகுதியைத் தொடாமல் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். இந்த ஒரு ஸ்பூன் ஆயில் எத்தனையோ பேருக்குத் தேவையில்லாத முழு இன்ஜின் வேலையைத் தவிர்த்திருக்கும்.

சரி, ரிங் பக்கம்தான் என்று தெரிந்து இன்ஜினையும் இறக்கியாயிற்று. ஹெட்டைத் தூக்கியதும் சிலிண்டர் சுவரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் அங்கே ஒரு படி உருவாகியிருக்கிறது. சிலிண்டர் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாகத் தேய்வதில்லை. பிஸ்டன் வேகமாக ஓடும் நடுப்பகுதியில் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே ஆயில் படலம் நிற்கும். இரும்பும் இரும்பும் தொடுவதே அரிது. உச்சிக்கு வந்ததும் பிஸ்டன் ஒரு கணம் நிற்கிறது. வேகம் இல்லையென்றால் படலமும் இல்லை. சரியாக அந்த இடத்தில்தான் பெட்ரோல் எரிகிறது, சூட்டில் ஆயில் நீர்த்துப்போகிறது, எரிந்த வாயு ரிங்கின் முதுகுப்பக்கம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. மூன்று தொல்லையும் ஒரே இடத்தில் சேர்வதால் மேல் ரிங் திரும்பும் இடம் அதிகம் தேய்கிறது. ரிங் எட்டாத அதற்கும் மேற்பகுதி தேயாமல் பழைய அளவிலேயே நிற்கிறது. அதுதான் அந்தப் படி.

எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்க, சிலிண்டரின் உள்விட்டத்தை (‘போர்’) காட்டும் போர் கேஜ் வேண்டும். வீட்டில் அது இருக்காது. ஆனால் ஒரு புது ரிங்கும், மெல்லிய தகடுகளை நுழைத்து இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜும் இருந்தால் பள்ளிக்கூடக் கணக்கே உதவும். ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதன் தட்டையான தலையால் தள்ளினால் ரிங் சாயாமல் சமமாக உட்காரும். முதலில் சிலிண்டரின் அடியில், ரிங்குகள் எட்டாத தேயாத பகுதிவரை தள்ளி, ரிங்கின் இரு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 0.25 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிறகு மேலே, படிக்குச் சற்றுக் கீழே அதே ரிங்கை வைத்துப் பாருங்கள். 0.60 வந்தால் சுற்றளவு 0.35 மி.மீ. கூடியிருக்கிறது. சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம்: 0.11 மி.மீ. தேய்மானம் கைக்கு வந்துவிட்டது. ஒரு குறை உண்டு. பிஸ்டன் பக்கவாட்டில் சாய்ந்து அழுத்தும் திசையில் சிலிண்டர் நீள்வட்டமாகவும் தேய்ந்திருக்கும். ரிங் கணக்கு அதைக் காட்டாது. பட்டறைக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க இது போதும், கடைசி அளவுக்கு லேத் பட்டறையின் போர் கேஜைத்தான் நம்ப வேண்டும்.

‘ரிங்கை மட்டும் மாத்திடலாம் சார், ரெண்டு வருஷம் ஓடும்’ என்பது எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் கேட்கிற வசனம். தேய்மானம் 0.1 மி.மீ.க்கு நன்றாகக் குறைவாக இருந்து, சுவரில் கோடும் இல்லை என்றால் மெக்கானிக் சொல்வது சரிதான். அதற்கு மேல் போனால் அந்த ரிங் ஒவ்வொரு ஓட்டத்திலும் மேலே விரிந்து கீழே சுருங்கிக்கொண்டே இருக்க வேண்டும். போதாததற்குப் புது ரிங்கின் கூரான விளிம்பு அந்தப் படியில் போய் இடிக்கும். பழைய ரிங் படிக்கு ஏற்றாற்போல் மழுங்கியிருந்ததால் இதுவரை சத்தமில்லை. இடித்தால் ரிங் உடையும், சில சமயம் பிஸ்டனில் ரிங் உட்காரும் கரையும் சேர்ந்து உடையும். இதில் சிக்கனம் பார்ப்பது வீண் என்பது என் அபிப்பிராயம்.

சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடும் ரீபோர் வீட்டு வேலை இல்லை. பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்பத்தான் வேண்டும். 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கி, கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். பெட்டியில் அச்சடித்த எண்ணைப் பார்த்துக் குடைவது வேறு, ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து அதற்கேற்பக் குடைவது வேறு. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் நான்கைந்து பங்குதான். 68.5 மி.மீ. போர் 69 ஆகும்போது இன்ஜின் 796-இலிருந்து சுமார் 808 சி.சி. ஆகிறது. வண்டி வேகம் கூடிவிட்டது என்று சொல்லிக்கொள்ள ஆசையிருந்தால் சொல்லிக்கொள்ளலாம்.

குடைந்த சுவரைக் கடைசியில் கல்லால் தேய்த்து ஹோனிங் செய்வார்கள். பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக வலைக்கோடுகள் கீறியிருக்கும். கண்ணாடிபோல் பளபளக்கும் சுவர்தான் நல்லது என்று நினைக்கத் தோன்றும். அப்படிப்பட்ட சுவரில் ஆயில் தங்காது, ரிங்கும் உட்காராது. கீறலின் பள்ளங்கள் ஆயிலைப் பிடித்துவைக்கின்றன. மேடுகள் ரிங்கை லேசாக ராவி, சுவரின் வடிவத்துக்கு அதைக் கொண்டுவருகின்றன. ஆனால் அதே பள்ளங்களில் ஹோனிங் கல்லின் தூளும் தங்கியிருக்கும். பெட்ரோல் போட்டுத் துடைத்தால் எண்ணெய்ப் பசை போகும், தூள் போகாது. சுடுதண்ணீரும் சோப்பும் பிரஷும்தான் அதற்கு வழி. வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை தேய்த்துக் கழுவி, காய்ந்த உடனே ஆயில் தடவிவிட வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து தடவலாம் என்று போனால், புதிதாக அறுத்த இரும்பில் அதற்குள் செம்மண் நிறத்தில் துரு எட்டிப்பார்க்கும்.

கீழே, பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, கிராங்க் ஷாஃப்ட். அதைத் தாங்குவது நாலு மெயின் பேரிங். பால் பேரிங் எதுவும் கிடையாது, அரைவட்டமாக வளைத்த மெல்லிய தகடுகள்தான். எரிப்பின் அடியை எல்லாம் அவை எப்படித் தாங்குகின்றன? மழை நாளில் வேகமாகப் போகும் வண்டியின் டயர் தண்ணீர்மேல் ஏறி வழுக்குகிறதே, அதே சங்கதிதான் இங்கே நமக்குச் சாதகமாக நடக்கிறது. சுற்றும் தண்டு ஆயிலைக் குறுகும் இடுக்குக்குள் இழுக்கிறது; இடுக்கில் அழுத்தம் ஏறி, தண்டையே தகட்டிலிருந்து தூக்கிவிடுகிறது. ஆயில் பம்ப் ஆயிலைக் கொண்டுவந்து கொடுப்பதோடு சரி, சுமையைத் தாங்கும் அழுத்தம் சுழற்சியிலிருந்து பிறக்கிறது. இந்தப் படலம் மெலிந்த இடத்தில் சில மைக்ரான்தான் இருக்கும். இடைவெளி அதிகமானால் ஆயில் பக்கவாட்டில் ஒழுகிவிடும், அழுத்தம் நிற்காது, இன்ஜின் அடியில் ‘டக் டக்’ என்று தட்டும்.

இந்த இடைவெளியை அளக்க அருமையான ஒரு பொருள் கடையில் கிடைக்கிறது: பிளாஸ்டிகேஜ். மெழுகு மாதிரியான மெல்லிய இழை. தண்டின் மேல் ஒரு துண்டை நீளவாக்கில் வைத்து, பேரிங்கின் மூடியான கேப்பை மாட்டி, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு முறுக்கி, தண்டைத் துளியும் சுற்றாமல் திரும்பக் கழற்ற வேண்டும். இழை நசுங்கிப் பட்டையாகியிருக்கும். உறையில் அச்சடித்த அளவுகோலை அதன் பக்கத்தில் வைத்து அகலத்தைப் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். பட்டை அகலமானால் இடைவெளி குறைவு. ஒரு முனையில் அகலமாகவும் மறு முனையில் ஒடுங்கியும் இருந்தால் தண்டு கூம்பாகத் தேய்ந்திருக்கிறது, கிராங்கை 0.25 மி.மீ. குறைத்துக் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற பேரிங் போட வேண்டும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் கேப்பை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டால் இந்த அளவெல்லாம் அர்த்தமில்லாமல் போகும். ராடும் கேப்பும் சேர்த்துவைத்துக் குடையப்பட்ட ஜோடிகள். கழற்றும்போதே அடையாளம் போட்டுவையுங்கள்.

ஹெட்டின் பிரச்சினை வேறு மாதிரி. அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல் இரண்டு மடங்கு விரிகிறது. 30 செ.மீ. நீளத்துக்கு 80 டிகிரி சூடேறினால் அலுமினியம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும், இரும்பு கால் மில்லிமீட்டர்தான். தினமும் இந்த இழுபறியைத் தாங்குவது நடுவில் இருக்கும் கேஸ்கட். ஒரு தடவை ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் ஓடினால் ஹெட் வளைந்துவிடும். நேரான இரும்புப் பட்டையை ஹெட்டின் முகத்தில் குறுக்காக வைத்து, அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் அதுவும் பட்டறைக்குப் போய் முகம் சமப்படுத்திக்கொண்டு வரட்டும். வால்வுகளைக் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுக் கையாலேயே தேய்த்து உட்காரவைக்கலாம். உட்கார்ந்ததா என்று பார்க்க, ஹெட்டைக் கவிழ்த்துக் குழியில் பெட்ரோல் ஊற்றிவையுங்கள். துளையின் மறுபக்கம் ஈரம் தெரியக் கூடாது.

ஹெட் போல்ட்டை முறுக்கும்போது டார்க் ரெஞ்ச் ஏன் அவசியம் என்று கேட்பவர்கள் உண்டு. போல்ட் இறுகுவது அது நீள்வதால்தான். நீண்டு திரும்பச் சுருங்கப் பார்க்கும் விசைதான் ஹெட்டைப் பிடித்திருக்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே அந்த நீட்சிக்குப் போகிறது, மீதி மரையிலும் போல்ட்டின் தலைக்கடியிலும் உராய்வாகப் போய்விடுகிறது. மரையில் துரு இருந்தால் கை இறுகிவிட்டதாகச் சொல்லும், போல்ட்டோ இழுபட்டிருக்காது. மரையைச் சுத்தம் செய்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையாக முறுக்குவது இதனால்தான்.

எல்லாம் மாட்டியபின் ஸ்பார்க் பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஆயில் விளக்கு அணையும்வரை காத்திருந்துவிட்டு இன்ஜினை எழுப்புங்கள். ‘முதல் ஆயிரம் கிலோமீட்டர் நாற்பதுக்கு மேல் போகாதே’ என்று பெரியவர்கள் சொல்வது பாதி சரி. ஒரே வேகத்தில் இன்ஜினை விரட்டக் கூடாதுதான். ஆனால் ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பைவிட எரியும் வாயுதான். தடவித் தடவி ஓட்டினால் வாயு அழுத்தம் போதாது, ரிங் உட்காருவதற்குள் ஹோனிங் மேடுகள் மழுங்கிவிடும். மூன்றாவது கியரில் ஓரளவு மிதித்து வேகமெடுப்பது, காலை எடுத்துத் தானாகக் குறையவிடுவது, மறுபடி மிதிப்பது என்று ஓட்டுவதே நல்லது. 500 கி.மீ.யில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். ரிங்கும் சுவரும் ராவிக்கொண்ட தூளெல்லாம் அதில்தான் இருக்கும். ஆயிரத்தில் கம்ப்ரஷன் கேஜை மறுபடி மாட்டிப் பார்த்து, மூன்று சிலிண்டரும் ஒரு கிலோ வித்தியாசத்துக்குள் வந்தால் டப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை மட்டும் ஒரு முறை சரிபார்த்துவிட்டு வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். ஏதாவது ஒன்று தாழ்ந்தே நின்றால் மறுபடி அந்த ஒரு ஸ்பூன் ஆயில்.