ஆசாதி: சொல் விளக்கம்

'ஜின், ஜியான், ஆசாதி.' 2022 செப்டம்பரில் உலகம் முழுக்கப் பரவிய முழக்கம். ஜின் என்றால் பெண், ஜியான் என்றால் வாழ்வு, ஆசாதி என்றால் சுதந்திரம் அல்லது விடுதலை. முக்காட்டைச் சரியாக அணியவில்லை என்று ஈரான் தலைநகர் தெஹ்ரானில் ஒழுக்கக் காவலர்கள் பிடித்துப்போன 22 வயது மஹ்சா ஜினா அமினி 16ஆம் தேதி இறந்துபோனார், மறுநாள் அவருடைய சொந்த ஊரான சக்கேஸில் நடந்த அடக்கத்தில் பெண்கள் முக்காட்டைக் கழற்றிவிட்டு முழங்கியது இதைத்தான். இது குர்து மக்களின் மொழியான குர்தி. துருக்கியிலும் சிரியாவிலும் குர்துப் பெண்கள் பல காலமாகச் சொல்லிவந்தது. ஈரானின் ஆட்சிமொழியான பாரசீகத்துக்குப் போனபோது 'ஸன், ஸெந்தெகி, ஆசாதி' ஆனது. ஆசாதி மட்டும் இரண்டிலும் மாறவில்லை.

ஆசாத் என்பது நமக்கும் பழகிய சொல்தான், அபுல் கலாம் ஆசாத், நேதாஜியின் ஆசாத் ஹிந்த். ஆனால் பழைய பாரசீகத்தில் அதற்கு உயர்குடியில் பிறந்தவர், அடிமை அல்லாதவர் என்று பொருள். வேரில் இருப்பது 'பிறத்தல்', சமஸ்கிருத 'ஜாத' இதற்கு உறவு. பிறப்பால் சிலருக்கு மட்டும் வாய்த்த ஒன்றின் பெயரை 2022இல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவில் நின்று எல்லாருக்குமாகக் கேட்டார்கள், எனக்கு இந்தச் சொல்லின் வரலாற்றில் மிகப் பெரிய மாற்றமாகத் தெரிவது இதுதான்.

ஈரானில் மன்னராட்சியை வீழ்த்திய 1979 புரட்சியின் முழக்கத்திலேயே ஆசாதி இருந்தது. ஆட்சி மாறிய சில வாரங்களில், அரசு அலுவலகங்களுக்குப் பெண்கள் ஹிஜாபோடுதான் வர வேண்டும் என்று புரட்சித் தலைவர் கொமெய்னி சொன்னார். மார்ச் 8 அன்று தெஹ்ரான் பெண்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள், 'ஆசாதி கிழக்குக்கும் சொந்தமில்லை, மேற்குக்கும் சொந்தமில்லை, உலகத்துக்கே சொந்தம்' என்று முழங்கியபடி. இதெல்லாம் மேற்கத்திய இறக்குமதி என்பவர்களுக்கு அன்றைக்கே சொன்ன பதில். அதே தெஹ்ரானில் பெரிய விளையாட்டரங்கத்துக்கு ஆசாதி என்று பெயர் வைத்தார்கள், அதற்குள் கால்பந்து பார்க்கப் பெண்களைப் பல பத்தாண்டுகள் விடவில்லை. ஆண் உடை போட்டு உள்ளே போகப் பார்த்து கைதான ரசிகை ஒருவர், சிறைத் தண்டனை கிடைக்கும் என்ற அச்சத்தில் தீக்குளித்து 2019 செப்டம்பரில் இறந்தார். அடுத்த மாதம்தான் கம்போடியாவுடனான ஆட்டத்துக்குப் பெண்களுக்கு டிக்கெட் விற்றார்கள், அதுவும் கொஞ்சம்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சுதந்திரமா, விடுதலையா? விடுதலைதான். சுதந்திரம் தவறில்லை, ஆனால் பாரசீகத்தில் கைதி வெளியே வந்தாலும் 'ஆசாத் ஷோத்' என்பார்கள், அரசியல் கைதிகளை விடச் சொல்லும் முழக்கத்திலும் ஆசாத் உண்டு. 'சிறையிலிருந்து சுதந்திரமானார்' என்று நாம் சொல்வதில்லை, விடுதலையானார் என்போம். ஈரானின் மனித உரிமைப் போராளி நர்கீஸ் மொஹம்மதிக்கு 2023 நோபல் அமைதிப் பரிசு அறிவித்தபோது அவர் தெஹ்ரானின் எவின் சிறையில் இருந்தார், அறிவிப்பே 'ஸன், ஸெந்தெகி, ஆசாதி' என்றுதான் தொடங்கியது. அந்த இடத்தில் ஆசாதிக்கு இரண்டு பொருளும் வேண்டும், இரண்டையும் தாங்குவது விடுதலை.

ஈரான் பெண்களோடு நிற்கிறோம் என்று தமிழில் பதாகை எழுதுபவர்கள் 'பெண், வாழ்வு, விடுதலை' என்று எழுதுங்கள். பக்கத்தில் இடமிருந்தால் குர்தி வடிவத்தையும் சேருங்கள், ஜினாவை வீட்டில் கூப்பிட்டது குர்திப் பெயரால்தான்.