பாலைவன இரவும் திராட்சையின் புளிப்பும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் பஸ் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து முடிப்பதற்குள் காற்றே மாறிவிடுகிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். அந்தக் கணக்கில் மலையேறியதும் எட்டு டிகிரி அளவுக்கு வெப்பம் தணிந்துவிடும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காபி, சேர்வராயன் மலையில் வேரூன்றியதற்கு இந்தக் குளிர் முக்கியக் காரணம். அராபிகா காபிப் பழம் மெதுவாகப் பழுத்தால்தான் மணம் கூடும்.

ஒயினுக்கான திராட்சைக்கும் இப்படி ஒரு குளிர் வேண்டும். ஆனால், உலகின் வறண்ட நிலங்கள் சிலவற்றில், உதாரணமாக இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், சிறு சிறு ஒயின் கூடங்கள் நல்ல ஒயின் தயாரிக்கின்றன. நெகேவ் மேட்டு நிலம் 800, 900 மீட்டர் உயரம் இருப்பதால் கொஞ்சம் குளிர் அதிலிருந்து கிடைக்கிறது. பெரும்பங்கு இரவிலிருந்துதான் வருகிறது. அந்த ஒயினைச் சுவைக்கும்போது நாக்கு உணரும் புளிப்பு, பாலைவன இரவு மிச்சம் வைத்த புளிப்பு.

பகலில் சூடேறிய தரை, இரவு முழுவதும் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். காற்றில் நீராவி மிகுந்திருந்தால் அது கதிர்களை உறிஞ்சி, ஒரு பகுதியை மறுபடி தரைக்கே திருப்பிவிடும். நீராவியும் மேகமும் பூமிக்குப் போர்த்திய போர்வை. சேலத்தில் கோடை இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையே 25 டிகிரியை ஒட்டி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாலைவனத்தில் அந்தப் போர்வை மிக மெல்லியது. நெகேவ் மேட்டில் கோடைப் பகல் 32, 33 டிகிரியைத் தொட்டாலும், விடியலுக்கு முன் 18 அளவுக்கு இறங்கிவிடும். இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, தினந்தோறும் ஏற்காடு மலையை ஒருமுறை ஏறி இறங்குவதைவிடப் பெரிய மாற்றம் இது.

இந்த ஏற்ற இறக்கத்தைத் திராட்சை என்ன செய்கிறது? காய் நிறம் மாறத் தொடங்கும்போது அதில் டார்டாரிக், மாலிக் என்ற இரு அமிலங்கள் நிறைந்திருக்கும். அதன் பிறகு இலைகள் பகலில் தயாரிக்கும் சர்க்கரை பழத்துக்குள் வந்து குவிகிறது. பழமும் உயிருள்ளது, அதுவும் சுவாசிக்கிறது. அந்தச் சுவாசத்துக்கு எரிபொருளாக மாலிக் அமிலத்தைச் செலவழிக்கிறது. சூடு கூடக் கூடச் சுவாசம் வேகமெடுக்கும், அமிலம் குறையும். டார்டாரிக் அமிலம் அவ்வளவு எளிதில் குறையாது. இரவும் வெப்பமாகவே இருந்தால் அமிலம் இரவு பகலாகச் செலவாகி, பழம் வெறும் இனிப்பாக நின்றுவிடும். இரவு குளிர்ந்தால் செலவு பாதி நேரமாவது மட்டுப்படும். பகல் வெயில் சர்க்கரையைச் சேர்க்கிறது, இரவுக் குளிர் புளிப்பைச் சேமிக்கிறது. கறுப்புத் திராட்சைத் தோலின் நிறமியும் வெப்பமான இரவுகளில் குறைவாகவே உருவாகும்.

தண்ணீரின் கதை இன்னும் பழையது. நெகேவ் மேட்டில் ஆண்டு மழை சுமார் 100 மில்லிமீட்டர். சேலத்துக்கு அதைப்போலப் பல மடங்கு கிடைக்கிறது. அப்படியிருந்தும், அங்குள்ள அவ்தாத் என்ற பழைய நகரத்தில் சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முந்தைய பைசாந்தியப் பேரரசுக் காலத்துத் திராட்சை மிதிதொட்டிகள் இன்றும் கல்லில் நிற்கின்றன. வறண்ட ஓடைகளின் குறுக்கே கற்சுவர்கள் கட்டி, அகன்ற மலைச்சரிவில் விழுந்த மழையைச் சிறிய வயலுக்குத் திருப்பினார்கள் அந்தக் காலத்து விவசாயிகள். மைக்கேல் எவனாரி என்ற தாவரவியலாளர் 1959இல் அவ்தாத்தில் அத்தகைய பண்ணை ஒன்றைச் சீரமைத்து, பழைய முறை இன்றும் வேலை செய்யும் என்று காட்டினார். ஏரியும் கண்மாயும் வெட்டிய நம் முன்னோர் அந்தச் சுவர்களைப் பார்த்தால் ஒரு நொடியில் புரிந்துகொண்டிருப்பார்கள் என்றே நம்புகிறேன். நம் மாவட்டத்து வயல்களில் இன்று ஓடும் சொட்டுநீர்க் குழாயும் 1965இல் நெகேவின் ஹட்செரிம் கிராமத்தில்தான் தொழிலாக வடிவெடுத்தது.

நெகேவின் திராட்சைக் கொடிகளுக்குத் தண்ணீரை வேண்டுமென்றே குறைவாக விடுகிறார்கள். தாகத்தில் வளர்ந்த பழம் சிறுத்துப்போகும். பழம் சிறுத்தால் சாற்றை ஒப்பிடத் தோலின் பங்கு கூடும். நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலில் இருக்கின்றன. ஆகவே ஒயின் அடர்த்தியாகிறது.

அறுவடை நள்ளிரவிலோ விடியலுக்கு முன்போ நடக்கும். வெயிலில் பறித்த பழம் கூடத்துக்கு வருவதற்குள் நொதிகளால் பழுப்பேறும். வேண்டாத நுண்ணுயிர்களும் வேலையைத் தொடங்கிவிடும். பிழிந்த சாற்றில் ஈஸ்ட், சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். இந்த வேலையில் ஈஸ்ட் வெப்பத்தையும் வெளியிடும் என்பதால், பாலைவனத்துச் சிறு கூடத்திலும் எஃகுத் தொட்டியைக் குளிர்விக்கும் ஏற்பாடு தவறாமல் இருக்கும்.

இனிச் சுவைப்பது. இதற்குக் குடிக்கவே தேவையில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தொழில்முறைச் சுவைஞர்கள் ஒவ்வொரு வாயையும் அருகிலிருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடுகிறார்கள். நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு போன்ற சில சுவைகளை மட்டுமே. மீதியெல்லாம் மூக்கின் வேலை. வாயிலிருந்து கிளம்பும் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. சேலம் கடைவீதியில் கிடைக்கும் கம்பம் பன்னீர் திராட்சை ஒன்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லுங்கள். இனிப்பும் புளிப்பும் தெரியும், பன்னீர் மணம் தெரியாது. விரலை எடுத்ததும் அது மேலேறி வரும். லினலூல் போன்ற மணப்பொருள்கள் அந்த மணத்தைத் தருகின்றன. மஸ்கட் என்ற மணமிக்க திராட்சை வகையின் ஒயின்களிலும் அவையே இருக்கின்றன. காபியைத் தரம் பார்ப்பவர்கள் கரண்டியால் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுவதும், ஒயின் சுவைப்பவர்கள் வாய்க்குள் காற்றை இழுப்பதும் இந்தப் பின்வழியைத் திறப்பதற்குத்தான்.

கண்ணும் இதில் குறுக்கிடும். 2001இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு, சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதன் மணத்தை வருணித்தார்கள்.

துவர்ப்பு வேறு வகை. டானின் என்னும் பொருள் உமிழ்நீரின் வழுவழுப்பான புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. வழுவழுப்பு போய் நாக்கும் கன்னமும் உரசுகின்றன. நாவற்பழம் தின்றபின் நாக்கு இழுத்துப்பிடிப்பதும் இப்படித்தான். இது பெரும்பாலும் தொடுவுணர்வு. அடுத்தடுத்த வாய்களில் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் ஒயின் கூடங்களில் வெள்ளையில் தொடங்கி, துவர்ப்பு மிகுந்த சிவப்பைக் கடைசியில் ஊற்றுகிறார்கள். நடுவில் தரும் ரொட்டித் துண்டையும் தண்ணீரையும் தவிர்க்காதீர்கள். வாய் பழைய நிலைக்குத் திரும்ப அவகாசம் வேண்டும்.

சிரா என்ற கறுப்புத் திராட்சை ஒயின் கிடைத்தால் மிளகு வாசனையைத் தேடிப் பாருங்கள். அது வெறும் உவமை அல்ல. ரோட்டண்டோன் என்ற பொருள்தான் அந்த வாசனைக்குக் காரணம் என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்திருக்கும் மிளகிலும் அதே பொருள்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் ஒயினில் ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். ஆனால், அந்த ஆய்வில் சுவைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, அளவை மிகக் கூட்டியும் அது தெரியவே இல்லை. குளிர்ந்த இடங்களில் ரோட்டண்டோன் கூடும். வெயில் படும் குலைகளில் குறையும். ஆகவே பாலைவனத்துச் சிராவில் மிளகு துலங்கித் தெரிந்தால், அந்தக் கொடி எந்த உயரத்தில், சரிவின் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று ஊற்றித் தருபவரிடம் கேளுங்கள். சிறு கூடங்களில் ஊற்றித் தருபவரே பெரும்பாலும் விவசாயியும் என்பதால், அவரால் கையை நீட்டிக் காட்ட முடியும்.